ஆறும் ஏழும் சொல்லும் குழப்பக் கதை

ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ எப்பொருளும் உரிய இடத்தில் இல்லாது தாறுமாறாகக் கிடக்கும்போது, ஆங்கிலேயர் அந்நிலையை 'அட் சிக்ஸஸ் அன்ட் செவன்ஸ்' என வேடிக்கையாகக் குறிப்பிடுவர். ஆறுகளிலும் ஏழுகளிலும் கிடக்கிறது என்பது அதன் நேர்ப்பொருள். குழப்பத்துக்கும் இவ்விரு எண்களுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழுவது இயல்பே.

இதற்குப் பலரும் கூறும் விளக்கம் சுவையானது. லண்டன் மாநகரின் பழம்பெரும் தொழிற் சங்கங்களுள் தையற்காரர் சங்கமும் மென்மயிர்த் தோல் வணிகர் சங்கமும் 1327 ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றவை. இவற்றுள் எது முன்னே செல்வது என்பதில் நீண்டகாலப் பிணக்கு நிலவியது. 1484 ஆம் ஆண்டில் மாநகர முதல்வராக இருந்த ரொபேர்ட் பில்ஸ்டன், இரு சங்கங்களும் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறிக்கொள்ள வேண்டுமெனவும், ஒன்றையொன்று விருந்துக்கு அழைக்க வேண்டுமெனவும் தீர்ப்பளித்தார். 12 பெருஞ் சங்கங்களின் வரிசையில் ஆறாம், ஏழாம் இடங்களை அவை இன்றளவும் மாறி மாறியே வகிக்கின்றன. இந்தப் பிணக்கே அத்தொடரைப் பிறப்பித்தது என்பர்.

ஆயினும் காலக்கணக்கு இடிக்கிறது. அத்தீர்ப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, 1380களில், கவிஞர் ஜெப்ரி சோசர் தமது 'ட்ரொய்லஸும் கிரிசெய்டும்' காவியத்தில் இத்தொடரைக் கையாண்டுள்ளார். ஆகவே, சங்கங்களின் பிணக்கிலிருந்து இது பிறந்திருக்க இயலாது.

சோசரின் காவியத்தில் இத்தொடருக்குக் குழப்பம் என்பது பொருளன்று. துணிந்து உலகையே பணயம் வை என்ற பொருளிலேயே அது வருகிறது. இதன் மூலம் சூதாட்டம் என்பதே அறிஞர் பலரின் கருத்து. அக்கால ஆங்கிலேயர் பகடையின் எண்களைப் பிரெஞ்சுப் பெயர்களாலேயே அழைத்தனர். ஐந்துக்கு 'சிங்க்', ஆறுக்கு 'சைஸ்' என்பன அப்பெயர்கள். பகடையின் மிகப்பெரிய எண்களான இவ்விரண்டின் மீதும் பணயம் வைப்பது பெருந்துணிச்சலாகக் கருதப்பட்டது. இப்பெயர்களே நாளடைவில் 'சிக்ஸ்', 'செவன்' எனத் திரிந்திருக்க வேண்டும் என்பர். பகடையில் ஏழு என்றொரு முகமே இல்லை என்பது இத்திரிபை மேலும் வேடிக்கையாக்குகிறது.

அனைத்தையும் பணயம் வைத்தவனின் துணிச்சல் காலப்போக்கில் அவனது அலங்கோலத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில், மன்னன் இல்லாத நாட்டின் சீர்குலைவைக் கண்டு யோர்க் கோமகன் வருந்துமிடத்தில் இத்தொடர் இன்றைய பொருளை ஏற்று நிற்கிறது. பகடைக்கு நாட்டையே பணயம் வைத்த தருமனின் கதையறிந்த நமக்கு இப்பொருள் மாற்றம் வியப்பளிக்காது. கண்மூடித்தனமான துணிச்சலின் மறுபக்கம் சீர்குலைவு என்பதை ஒரு விளையாட்டுச் சொற்றொடரே நமக்கு உணர்த்துகிறது.

லண்டன் சங்கங்களின் கதை இத்தொடரின் பிறப்புக்குச் சான்றாகாது போகலாம். ஆனால் அத்தீர்ப்பு ஐந்து நூற்றாண்டுகளைக் கடந்தும் நிலைத்திருப்பது வரலாற்று உண்மை. எவரையும் தோற்கடிக்காது, இடத்தை மாறி மாறிப் பகிரச் செய்து, ஒரே பந்தியில் அமரவும் வைத்தமையே அதன் சிறப்பு. முதலிடம் எவருக்கு என்ற பிணக்கு எழும் இடமெங்கும் இது நினைவிற் கொள்ளத்தக்கது என்பதே நமது கருத்தாகும்.