பழைய ட்ரான்ஸீவரின் வலுக் குறைவு: வால்வை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எமது கரைகளைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் பல இடங்களில் அறுந்துபோயின. அவ்வேளையில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பிலிருந்த பிரதமர் அலுவலகத்துக்குமிடையே சிற்றலை வானொலியில் செய்தி பரிமாறியவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் வானொலியாளர்கள் ஆவர். அந்தமானின் போர்ட் பிளேயரில் ஏற்கெனவே வானொலி நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் இதே பணியைச் செய்தார். 2020 டிசெம்பர் 2ஆம் நாள் புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததையும் நாம் மறப்பதற்கில்லை. எனவே லிங்கநகர் போன்ற ஓரிடத்தில் யாரிடமேனும் பழைய யேசு எஃப்.ரி.101 அல்லது கென்வுட் ரி.எஸ்.520 இருக்குமாயின், அதனை அரும்பொருளாக மூடி வைப்பதைவிட அனுமதிப்பத்திரத்துடன் இயங்கும் நிலையில் வைத்திருப்பதே நன்று.

1970களில் பரவலாக விற்பனையான இக்கருவிகளைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு: “நன்றாகக் கேட்கிறது, ஆனால் எமது குரல் எட்டுவதில்லை.” உடனே பலரும் இறுதிக்கட்ட வால்வுகள் இரண்டையும் மாற்ற முனைகின்றனர். எஃப்.ரி.101இல் உள்ள 6ஜே.எஸ்.6சி வால்வு தொலைக்காட்சிப் பெட்டிக்கென உருவானது. உற்பத்தி நின்று பல தசாப்தங்களாகிவிட்டதால் விலையோ அதிகம். குற்றம் வேறிடத்தில் இருந்தால் பணமும் போகும், புதிய வால்வும் போகும்.

முதலில், வலு உண்மையிலேயே குறைந்துள்ளதா? பேசும்போது சாதாரண வாற்றுமானி 20, 30 வாற்று மட்டுமே காட்டும். அது சராசரி, குரலின் உச்சத்தில் 100 வாற்று போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே மோர்ஸ் சாவியை அழுத்தியே அளக்க வேண்டும். இன்னொன்று: 100 வாற்று 50 ஆகக் குறைந்தாலும் மறுமுனையில் கேட்பவரின் மானியில் அரைப் புள்ளிதான் இறங்கும். 25 ஆனால் ஒரு புள்ளி. எண்பது வாற்றுத் தரும் கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பதே எமது எண்ணம். பத்து வாற்று எனில் காரணம் தேட வேண்டியதுதான்.

அன்ரனாவைக் கழற்றிவிட்டுப் போலிச் சுமை ஒன்றை இணைத்து அளவுங்கள். 1,000 ஓம் கொண்ட 3 வாற்றுக் காபன் தடையிகள் இருபதைச் சமாந்தரமாகப் பற்றவைத்தால் 50 ஓம் கிடைக்கும். பத்து வினாடிச் சோதனைக்கு இது போதுமானது. கம்பி சுற்றிய தடையிகள் சுருள்போல் நடந்துகொள்ளும், அவை உதவா. மின்குமிழின் தடை சூட்டோடு மாறுவதால் அதுவும் நம்பத்தக்கதன்று. பின்னர் இச்சுமையை அன்ரனாக் கேபிளின் மறுமுனையில் இணைத்து மீண்டும் அளவுங்கள். இரண்டு அளவுகளுக்கும் பெரும் வித்தியாசம் இருந்தால் குற்றம் கேபிளில். துறைமுகக் காற்றின் உப்பும் ஈரமும் கேபிளின் மேல்முனையால் உட்புகுந்து, செப்புப் பின்னலைக் கறுக்கச் செய்துவிடும். அத்தகைய கேபிளைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். புதிதாக மாற்றுவதே வழி. முனையை இறப்பர் நாடாவால் இறுக்கமாக மூடுவதும் அவசியம்.

அடுத்தது மின்வழங்கல். 230 வோல்ற்றுக்கு அமைந்த கருவிக்கு மாலை வேளையில் 190 வோல்ற்று மட்டும் வந்தால், வால்வின் தகட்டு வோல்ற்றளவும் அதே விகிதத்தில் இறங்கி, வெளிவரும் வலு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையும். இழை போதிய சூடேறாததால் மேலும் குறையலாம். காரின் 12 வோல்ற்று மின்கலத்தில் எஃப்.ரி.101ஐ இயக்குவோர் கவனிக்க: அனுப்பும்போது அது 20 அம்பியர் அளவில் இழுக்கும். கம்பியில் 0.05 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ற்று வீணாகிவிடும். மெல்லிய கம்பி வேண்டாம்.

இனிக் கருவியைத் திறக்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை. தகட்டில் 600 முதல் 800 வோல்ற்று வரை இருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் கொள்ளளவிகள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது தாராளம். சில நிமிடங்கள் பொறுத்து, காப்பிட்ட தண்டில் கட்டிய தடையி மூலம் மின்னை இறக்கி, மானியால் பூச்சியம் என உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும். தனியாளாக இவ்வேலையைச் செய்யலாகாது.

எல்லாப் பட்டைகளிலும் வலுக் குறைவா, ஒன்றில் மட்டுமா என்பது நல்ல துப்பு. 40 மீற்றரில் நன்றாகவும் 80 மீற்றரில் மோசமாகவும் இருந்தால் வால்வுகளைச் சந்தேகிக்க நியாயமில்லை. பட்டை மாற்றும் சுவிற்சின் தொடுமுனைகளில் பாசி பிடித்திருக்கலாம், அல்லது அப்பட்டைக்குரிய சுருள் இசைவு தவறியிருக்கலாம். தொடுமுனைச் சுத்திகரிப்புத் திரவத்தைச் சிறு தூரிகையால் தடவி, சுவிற்சை இருபது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். அரத்தாளால் தேய்த்தால் வெள்ளிப்பூச்சு போய்விடும்.

எல்லாப் பட்டைகளிலும் குறைவெனில், சாவியை அழுத்தாத நிலையில் தகட்டு மின்னோட்டத்தைப் பாருங்கள். மேற்சொன்ன இரு கருவிகளுக்கும் அது 60 மில்லி அம்பியர். அந்த அளவுக்குச் சரிசெய்ய முடிந்தும் வலு வராவிட்டால், இறுதி வால்வுகளை உந்தும் 12பி.வை.7ஏ வால்வை முதலில் மாற்றிப் பாருங்கள். சிறியது, விலையும் குறைவு, பெரும்பாலும் களைத்துப்போவதும் அதுதான். அறுபதை எட்டவே முடியாவிட்டால் திரை நெய்யரியின் வோல்ற்றளவை அளவுங்கள். அதுவும் சரியெனில்தான் இறுதி வால்வுகள் தேய்ந்தன என்று கொள்ளலாம்.

மாறாக, மின்னோட்டம் 60இல் நில்லாமல் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். உந்து வால்வுக்கும் இறுதி வால்வுகளுக்குமிடையேயுள்ள இணைப்புக் கொள்ளளவி கசியக்கூடும். சில ரூபாக்கள் பெறுமதியான இப்பொருளை மாற்றாமல் புதிய வால்வுகளைப் பொருத்தினால் அவையும் வெந்துபோகும். உயர் வோல்ற்றளவு தாங்கும் வகையையே வாங்க வேண்டும். வால்வு மாற்றினால் நடுநிலையாக்கலையும் மீளச் செய்தல் வேண்டும். கைந்நூலில் அதன் படிமுறை உண்டு.

குரலில் மட்டும் வலுக் குறைந்து சாவியில் முழு அளவும் வருமாயின் ஒலிவாங்கியைப் பாருங்கள். இக்கருவிகள் 50,000 ஓம் ஒலிவாங்கிக்கு அமைந்தவை. இன்று கடையில் கிடைக்கும் 600 ஓம் ஒலிவாங்கியை நேரே இணைத்தால் குரல் மெலிந்தே போகும். சிறிய ஒலி நிலைமாற்றி ஒன்று இக்குறையைத் தீர்க்கும்.

பழுது தீர்ந்த பின் வாரம் ஒருமுறையேனும் அரை மணி நேரம் கருவியை இயக்கி, மின்வோல்ற்றளவு, தகட்டு மின்னோட்டம், போலிச் சுமையில் வந்த வாற்று ஆகிய மூன்றையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அக்கொப்பியை கருவியின் மேலேயே வைத்தால், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் எது இறங்கியிருக்கிறது என்பது யார் பார்த்தாலும் தெரியும்.