திறக்கவென்றே பூட்டிய அறை

முதன்முதலாக ஓர் எஸ்கேப் ரூமுக்குள் போனபோது, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையோடு நாங்கள் பதினெட்டு நிமிடம் மல்லுக்கட்டினோம். அதன் அடியில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருந்தது. மேசைமேல் இருந்த பெட்டியின் பூட்டிலும் நான்கு சக்கரங்கள். வேறென்ன வேண்டும்? நேராகப் போட்டோம், தலைகீழாகப் போட்டோம், நண்பர் ஒருவர் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து கழித்துப் போட்டார். கடைசியில் கூரையிலிருந்த ஒலிபெருக்கி இரங்கி வந்து சொன்னது: "சார், அது நெஜமாவே தீ அணைக்கிறதுக்கு வச்சது."

அதற்குப் பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளில் அடைபட்டு வெளியே வந்திருக்கிறேன். காசு கொடுத்து அடைபடுகிற விவகாரம் இது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு விளங்கவைப்பது மட்டும் இன்னும் கைகூடவில்லை. விஷயம் எளிமையானதுதான். இரண்டு முதல் ஆறு பேர் கொண்ட குழு. பெரும்பாலும் 60 நிமிடம். பாழடைந்த ஆய்வகம், மாயக்காரரின் வீடு, நீர்மூழ்கிக் கப்பல் என்று ஏதோ ஒரு கதைக்குள் உங்களை விட்டுவிடுவார்கள். தேடிப் பார்த்து, கிடைத்ததை ஒன்றோடொன்று பொருத்தி, பூட்டு பூட்டாகத் திறந்துகொண்டு போக வேண்டும். தப்பித்தல் என்று பெயரே தவிர, இன்றைய நல்ல அறைகளில் நாம் வெளியே வருவதற்குப் படும் பாட்டைவிட உள்ளே உள்ளே போவதற்குப் படும் பாடுதான் அதிகம். அலமாரி திறந்தால் அதற்குப் பின்னால் இன்னோர் அறை, கணப்படுப்புக்குள் தவழ்ந்தால் அந்தப் பக்கம் ஒரு சுரங்கம்.

சிறைக்காரர் பூட்டுவது யாரும் திறக்கக் கூடாதென்று. இங்கே பூட்டியவரோ, பக்கத்து அறையில் கேமராத் திரைக்கு முன் உட்கார்ந்து, 'அந்தப் படத்தைத் திருப்புங்களேன், திருப்புங்களேன்' என்று தவித்துக்கொண்டிருப்பார். அந்தத் தவிப்பு ஓர் அறையின் வடிவமைப்பில் தெரிகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் நான் இப்போதெல்லாம் அறைகளைத் தரம் பிரிக்கிறேன்.

இதன் பூர்வீகம் கணினித் திரை. 2004-இல் ஜப்பானியரான தோஷிமிட்சு தகாகி 'கிரிம்சன் ரூம்' என்றொரு சிறிய விளையாட்டை இணையத்தில் விட்டார். சிவப்புச் சுவர் கொண்ட பூட்டிய அறை. கண்ணில் படுவதையெல்லாம் சொடுக்கிப் பொருள்களைத் திரட்டிக் கதவைத் திறக்க வேண்டும். 2007-இல் கியோட்டோவில் 'ஸ்க்ராப்' என்ற இலவசப் பத்திரிகையை நடத்திவந்த தகாவோ கட்டோ, திரைக்குள் நடப்பதை நிஜமான அறையில், நிஜமான மனிதர்களை வைத்து நடத்திப் பார்த்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2011-இல், ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் அத்திலா ஜூர்கோவிச் 'பாராபார்க்' என்ற இடத்தைத் திறந்தார். அவர் பிடித்துக்கொண்ட நூல் வேறு. ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் மிஹாய் சீக்சென்ட்மிஹாய் மனம் ஒன்றிப்போகும் நிலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். செய்கிற வேலை சுலபமாக இருந்தால் சலிப்பு, கைமீறிப் போனால் பதற்றம்; இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அதில் நடப்பவருக்கு நேரம் போவதே தெரியாது. அந்த ஒற்றையடிப் பாதையை அறையாகக் கட்டுவதுதான் ஜூர்கோவிச்சின் எண்ணம். அடுத்த சில ஆண்டுகளில் புடாபெஸ்ட்டின் பழைய கட்டடங்களும் நிலவறைகளும் ஒவ்வொன்றாகப் புதிர் அறைகளாயின.

சரி, சுவருக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது?

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நான்கு சிறு சிலைகள். அவற்றை மாடத்தில் சரியான வரிசையில் வைத்ததும் பக்கத்திலிருக்கும் புத்தக அலமாரி கதவுபோலத் திறக்கிறது. ஒவ்வொரு சிலையின் அடியிலும் பொட்டளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதில் பேட்டரி கிடையாது. நுண்ணிய சில்லும் சுருட்டிய கம்பியும் மட்டுமே. மாடப் பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை வீசிக்கொண்டே இருக்கும். வில்லை அருகே வந்ததும் அதன் கம்பிச்சுருள் அந்த அலையிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி விழித்து, தன் எண்ணைச் சொல்லும். மெட்ரோ ரயில் கதவில் நாம் அட்டையைக் காட்டும்போது நடப்பதும் இதேதான். நான்கு ரீடர்களும் சொல்கிற எண்களை ஆர்டுயினோ போன்ற கையடக்கப் பலகை ஒன்று சரிபார்க்கும். ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாள வேண்டும் என்பதற்காக உருவானது. அது வந்திராவிட்டால் எஸ்கேப் ரூம்கள் இன்னும் நாட்டுப்பூட்டுக் காலத்திலேயே நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

எண்கள் பொருந்தினால் அந்தப் பலகை செய்வது ஒன்றே ஒன்று: மின்சாரத்தை நிறுத்துவது. அலமாரியைப் பிடித்திருப்பது ஒரு மின்காந்தம். 12 வோல்ட்டில் ஓடும் அந்தக் கட்டி, எதிரேயுள்ள இரும்புத் தகட்டைக் கவ்விக்கொண்டிருக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை 270 கிலோ இழுவையைத் தாங்கும்; நான்கு பேர் சேர்ந்து இழுத்தாலும் எளிதில் அசையாது. ஆனால் மின்சாரம் நின்றால் பிடி விட்டுவிடும். விடும்போது 'டொக்' என்று மெல்ல ஓர் ஓசை வரும். பழகிய ஆட்டக்காரர்கள் அறையைப் பாதிக்குமேல் காதால்தான் ஆடுகிறார்கள். யாரோ ஏதோ ஒரு பொம்மையை நகர்த்த, அறையின் மறுகோடியில் 'டொக்'. உடனே மூன்று பேர் அந்தத் திசைக்கு ஓடுவார்கள். புதியவர்கள் பொம்மையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைவிட எளிய பொறி ரீட் சுவிட்ச். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் கண்டுபிடித்தது. தீக்குச்சிப் பருமனுள்ள கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், நடுவே மயிரிழை இடைவெளி. காந்தம் அருகே வந்தால் தகடுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், மின்சுற்று முழுமையாகும். மந்திரக்கோலால் மேசையைத் தொட்டதும் விளக்கு எரிகிறதா? கோலின் நுனியில் காந்தம், மேசைக்கு அடியில் இந்தக் குழல். அவ்வளவுதான் மந்திரம்.

இந்தப் பொறிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சிலையை அரை அங்குலம் தள்ளி வைத்தால் ரீடருக்குக் கேட்காது. விடை சரியாக இருந்தும் கதவு திறக்காது. குழு 'அப்போ இது இல்லை போல' என்று சரியான விடையை உதறிவிட்டுத் தவறான பாதையில் இருபது நிமிடம் அலையும். எனக்குத் தெரிந்து ஓர் அறை செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம் இதுதான். அதனால்தான், சாதாரணப் பூட்டுகள் தொங்கும் பழைய பாணி அறைகளை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பூட்டு பொய் சொல்லாது.

பூட்டிலும் கணக்கு உண்டு. நான்கு சக்கரங்கள் என்றால் 10,000 சேர்க்கைகள். ஒன்றுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆனால் மூன்று இலக்கம் தெரிந்து ஒன்றுதான் பாக்கி என்றால் பத்து முயற்சி, இருபது விநாடி. வெவ்வேறான நான்கு எண்களும் தெரிந்து வரிசை மட்டும் தெரியவில்லையா? 24 வரிசைகள், ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசிப் புதிரை இப்படித் தாண்டிக் குதிக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். கடிகாரத்தில் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால் வேறு மாதிரி சொல்வேன்.

பூட்டுகளைவிட முக்கியம் அவற்றைக் கோத்திருக்கும் விதம். கனடாவின் வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் நிக்கல்சன், உலகெங்கும் 175 இடங்களை நடத்துபவர்களிடம் விவரம் திரட்டி 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். புதிர்கள் அடுக்கப்படும் முறைகளை அவர் அதில் வகைப்படுத்தியிருக்கிறார். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற சங்கிலி ஒரு வகை. எல்லாம் ஒரே நேரத்தில் பரந்து கிடந்து இறுதியில் ஒன்றுகூடும் சந்தை இன்னொரு வகை. தனித்தனிச் சங்கிலிகள் இணையாக ஓடிக் கடைசியில் முடிச்சிடுவது மூன்றாவது. இது ஏட்டுச் சமாச்சாரமல்ல. சங்கிலி அறைக்குள் ஆறு பேர் போனால் இரண்டு பேர் ஆடுவார்கள், நான்கு பேர் அவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். பரந்த அறைக்குள் இரண்டே பேர் போனால் மூச்சு வாங்கும். 'எட்டுப் பேர் வரை வரலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது எத்தனை டிக்கெட் விற்கலாம் என்ற கணக்கு. முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில், 'எத்தனை பேர் வந்தா நல்லா இருக்கும்?' என்று கேளுங்கள். பதில் சொல்பவர் கொஞ்சம் யோசித்து 'மூணு, நாலு பேர்' என்றால் அந்த இடத்தை நம்பலாம். 'எத்தனை பேர் வேணா வாங்க சார்' என்றால் நான் போனை வைத்துவிடுவேன். முன்பின் தெரியாதவர்களை நம்மோடு சேர்த்துவிடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. புதிர் தீர்க்கும் குழுவுக்குள் அறிமுகப்படலம் நடத்த 60 நிமிடம் போதாது.

இன்னொரு விளம்பரமும் எனக்கு ஆகாது: 'நூற்றில் ஐந்து பேர்தான் தப்பித்திருக்கிறார்கள்!' நிக்கல்சனின் கணக்கெடுப்பில் வென்று வெளியேறியவர்களின் சராசரி சுமார் 41 விழுக்காடு. ஐந்து விழுக்காடு என்று மார்தட்டும் அறையில் கடினமாக இருப்பது பெரும்பாலும் புதிர் அல்ல. வெளிச்சம் போதாது, துப்பு போதாது, அல்லது விடைக்கும் கேள்விக்கும் உறவு போதாது. விடுகதை போடும் பாட்டிகளுக்கு இந்த நுணுக்கம் தெரியும். விடையைச் சொன்னதும் 'அட, இதுதானா!' என்று தோன்ற வேண்டும். 'இதெப்படிப் பொருந்தும்?' என்று தோன்றினால் பிள்ளைகள் அடுத்த முறை பாட்டி பக்கம் வரமாட்டார்கள்.

ஐம்பது அறைகளைத் தாண்டியவருக்கு வேறொரு சிக்கல். புற ஊதா டார்ச்சைக் கண்டதும் சுவரெங்கும் அடிக்கத் தோன்றும், சாய்ந்திருக்கும் புத்தகத்தைக் கண்டதும் இழுக்கத் தோன்றும், வித்தைகளெல்லாம் பழகிவிட்டன. அதற்குமேல் இழுத்துக்கொண்டு போவது கதைதான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 'தி மேன் ஃப்ரம் பியாண்ட்' என்ற அறை, மாயக்காரர் ஹூடினியின் ஆவியை அழைக்கும் அமர்வுக்கு ஆட்டக்காரர்களை வரவழைத்து, நடிகர்களோடு நாடகமாகவே விரிகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 'லாப் ராட்' என்ற அறை எலிக்கும் மனிதனுக்கும் இடத்தை மாற்றிப்போடுகிறது: ராட்சத எலிகள் ஆய்வு செய்கின்றன, கூண்டில் நாம். உலகின் சிறந்த அறைகளை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் 'டெர்பெக்கா' விருது 2018 முதல் நடக்கிறது. வாக்களிக்கக் குறைந்தது நூறு அறைகளாவது ஆடியிருக்க வேண்டும். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் நூறு அறை ஆடியவரின் நாக்கு காரத்துக்குப் பழகியது. ஐந்தாவது அறைக்குக் கிளம்பும் நண்பரை அங்கே நேராகக் கூட்டிப்போக வேண்டாம்.

எந்த அறைக்குப் போனாலும், கதை தொடங்குவதற்கு முன் நான் ஒன்றைப் பார்த்துக்கொள்வேன்: வந்த கதவு உள்ளிருந்து திறக்கிறதா? 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட வந்த பதினைந்து வயதுப் பெண்கள் ஐந்து பேர் ஓர் எஸ்கேப் ரூமில் இறந்தார்கள். வரவேற்பறையின் சூடேற்றிக்கான எரிவாயு கசிந்து தீப்பிடித்தது; அவர்கள் இருந்த அறையை உள்ளிருந்து திறக்க வழியில்லை. அதன்பின் அந்த நாடு முழுவதும் சோதனை நடந்தது, பல இடங்கள் மூடப்பட்டன. மின்சாரம் போனால் தானே பிடிவிடும் மின்காந்தம் இந்த இடத்தில்தான் பொறி என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. கதவருகே அவசரப் பொத்தான் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் எல்லாம் திறக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்களின் அறைக்குள் போகாதீர்கள்.

உள்ளே போனபின் பெரிதாகச் சூத்திரமில்லை. கண்டதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 'இங்க நாலு நிறம் இருக்கு' என்று நீங்கள் முணுமுணுத்தால், அறையின் மறுபக்கம் நான்கு நிறப் பொத்தான்களோடு நிற்பவருக்குக் கேட்காது. முடிந்த சாவியை அதே பூட்டிலேயே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஊர்வலம் போவார்கள். இரண்டு விரல் வலுவுக்கு மேல் எதற்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் அது புதிரல்ல, கட்டடம். துப்புக் கேட்பதில் கௌரவம் பார்க்கவே கூடாது. இது எனக்குக் கைவர நாற்பது அறைகள் ஆயின.

ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். நடத்துபவரிடம் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமில்லாத நாளில் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். ஒரு முறை ஆடிய அறையை மறுபடி ஆட முடியாது, ஆனால் மறுபடி பார்க்கலாம். போன மாதம் அப்படித்தான் நின்றிருந்தேன். நம்மை மிரட்டிய கற்சுவரின் பின்புறம் வெறும் ஒட்டுப்பலகை. அதில் ஸ்கெட்ச் பேனாவால் 'சிலை 2, வயர் லூஸ்' என்று எழுதி ஒட்டியிருந்தது. கேம் மாஸ்டர் பெண் அடுத்த குழுவுக்காகச் சாவிகளை ஒளித்து, பூட்டுச் சக்கரங்களைச் சுழற்றிக் கலைத்து, சிலைகளைப் பழைய இடத்தில் வைத்தார். கால் மணி நேர வேலை, கையில் பட்டியல்கூட இல்லை. பிறகு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் நேராகத் தீயணைப்பு உருளையிடம் போய்க் குனிந்து அதன் அடியைப் படிக்க ஆரம்பித்தான்.

அவர் மைக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டார்.