மூன்று வரிகளில் ஒரு குடும்பம்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுதந்திர மக்கள் எல்லோருடைய பெயரும் 1850இல்தான் முதன்முதலாக எழுதப்பட்டது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880இல்தான் வந்தது. இடைப்பட்ட ஏடுகளில் பெயர் வரிசை, குடும்பப்பெயர், வயது, பால் ஆகியவற்றைக் கொண்டே உறவை ஊகிக்க வேண்டும்.

கரும்பலகையில் மூன்று வரி எழுதுங்கள்: ஆண் 44, பெண் 24, சிறுவன் 14, ஒரே குடும்பப்பெயர். பெண் யார்? மாணவர்கள் உடனே 'அம்மா' என்பார்கள். பத்து வயதில் பெற்றிருக்க முடியுமா? மூத்த மகளாக இருக்கலாம். இரண்டாம் மனைவியாகவும் இருக்கலாம். 1880 ஏட்டில் 'மனைவி', 'மகன்' என்றிருந்தாலும் அவை தலைவருக்கான உறவுகளே. அவள் சிறுவனுக்குச் சிற்றன்னையாக இருக்கக்கூடும்.

அடிமைகளுக்கு 1850, 1860இல் தனி ஏடு. உரிமையாளர் பெயரின்கீழ் வயது, பால், நிறம். பெரும்பாலும் பெயர் கிடையாது. அதில் தாயையும் பிள்ளையையும் இணைக்க இந்த ஊகமும் உதவாது.