டயருக்குப் பக்கத்தில் ஒரு நானோ காந்தம்: ஏபிஎஸ் சென்சார் வேலை செய்வது எப்படி?

கும்மிடிப்பூண்டி பக்கம் உள்ள தேர்வாய் கண்டிகை சிப்காட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மிஷெலின் டயர் ஆலை. ஆனால் எவ்வளவு நல்ல டயராக இருந்தாலும், திடீர் பிரேக்கில் சக்கரம் சுற்றாமல் நின்றுபோனால் வண்டி சறுக்கும். அதைத் தடுப்பதுதான் ஏபிஎஸ். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம்.

சரி, சக்கரம் நிற்கப் போவது ஏபிஎஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?

சக்கரத்தை எண்ணும் சென்சார்

பல கார்களில் சக்கர பேரிங்கோடு ஒரு காந்த வளையம் இருக்கும். அதில் வடதுருவம், தென்துருவம் மாறி மாறி வரும். சக்கரம் சுற்றும்போது, பக்கத்தில் உள்ள சென்சார் அந்த மாற்றத்தை எண்ணும். எண்ணிக்கை சட்டென்று குறைந்தால், ஏபிஎஸ் பிரேக்கை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தளர்த்திவிட்டு மீண்டும் பிடிக்கும்.

இந்தச் சென்சார்களில் பல வகை உண்டு. அதிக நுட்பமான வகைகளில் இருப்பது உலோகக் கலவையாலான மிக மெல்லிய படலங்கள்.

ஸ்பின்ட்ரானிக்ஸ் என்றால் என்ன?

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் மட்டுமல்ல, 'ஸ்பின்' என்ற பண்பும் உண்டு. அதனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. இந்தப் பண்பையும் பயன்படுத்துவதே ஸ்பின்ட்ரானிக்ஸ்.

இரண்டு காந்தப் படலங்கள், நடுவே காந்தமில்லாத ஒரு படலம். இவ்வளவுதான் அமைப்பு. மேலும் கீழும் காந்தத் திசை ஒன்றாக இருந்தால் மின்சாரம் எளிதாகப் போகும். எதிரெதிராக இருந்தால் மின்தடை கூடும். 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன. 2007-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இவ்வளவு மெல்லியது?

நடுப்படலம் தடிமனாக இருந்தால், எலக்ட்ரான் மறுபக்கம் போவதற்குள் தன் ஸ்பின் திசையை இழந்துவிடும். அதனால் சில நானோமீட்டர்தான் கணக்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அணுக்களின் வரிசையும் முக்கியம். கோபால்ட், இரும்பு, போரான் கலவையைப் படியவைத்ததும், அதன் அணுக்கள் கண்ணாடியில் இருப்பது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். பக்கத்தில் மெக்னீசியம் ஆக்சைடு படலம் வைத்து 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், போரான் விலகும். மீதி அணுக்கள் ஆக்சைடின் வரிசையைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். 2008-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் இந்த வகை அமைப்பில் அறை வெப்பநிலையிலேயே மின்தடையை 600 சதவீதத்துக்கு மேல் மாற்றிக் காட்டினர்.

அதே கலவையை 1.3 நானோமீட்டராக மெலித்தபோது, படுத்திருந்த காந்தத் திசை செங்குத்தாக எழுந்து நின்றது. கலவை மாறவில்லை, தடிமன்தான் மாறியது. 2010-ல் வெளியான இந்த முடிவு, மின்சாரம் போனாலும் தகவலை மறக்காத எம்ரேம் நினைவகச் சிப்களின் வளர்ச்சிக்கு உதவியது.

வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க

ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால் அலட்சியம் வேண்டாம். பொதுவாக பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்காது. காந்த வளையம் உள்ள பேரிங்கை மாற்றும்போது, வளையம் சென்சார் பக்கம் பார்த்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். திருப்பிப் போட்டால் சென்சாரால் சக்கரத்தை எண்ண முடியாது.