வெற்றிடத்தில் ஆவியாகும் அலுமினியம்: படகைத் தெரிவு செய்தல்

தேயிலைப் பைக்கற்றின் உட்புறம் வெள்ளிபோல் மினுங்குவதைப் பலர் அலுமினியத் தாள் என்றே நினைக்கிறார்கள். அநேகமான பைக்கற்றுகளில் அது பிளாஸ்டிக் பிலிமின்மேல் ஆவியாகப் படிந்த அலுமினியம். தடிப்பு 30 முதல் 50 நனோமீற்றர் மட்டுமே. அந்த அலுமினியத்தை ஆவியாக்கும் பாத்திரத்தைத்தான் தொழிலில் 'படகு' என்கிறோம். பொதியிடல் துறையில் வேலை பார்த்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

படகு என்றாலும் பார்வைக்குச் சாம்பல்நிறக் கட்டை ஒன்றுதான். இரு முனைகளிலும் மின்னைக் கொடுத்தால் அதுவே சூடாகும், வேறு அடுப்பில்லை. வெற்றிடத்தில் சுமார் 1400–1500 பாகை செல்சியஸில் நிற்கும் அதன்மீது அலுமினியக் கம்பி இடைவிடாமல் ஊட்டப்படும். உருகி, பரவி, ஆவியாகி, மேலே குளிர் உருளையைச் சுற்றி ஓடும் பிலிமில் படியும்.

"இவ்வளவு காசு குடுத்து இதை ஏன் வாங்கணும், தங்குதன் இருக்குத்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தங்குதன் உருக 3400 பாகை வேண்டும், உண்மை. ஆனால் உருகிய அலுமினியம் அதை அரித்துத் தின்றுவிடும். வாகன விளக்கின் உட்புறம் பூசுவதுபோன்ற சிறு வேலைகளுக்குத் தங்குதன் சுருள் போதும். மணிக்கணக்காக ஓடும் பிலிமுக்குச் சரிவராது. ஆகவே போரன் நைத்திரைட்டையும் தைத்தேனியம் டைபோரைட்டையும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்த படகே பாவனையில் உள்ளது. முன்னையது மின்னைக் கடத்தாது, சூட்டதிர்ச்சியைத் தாங்கும், பின்னையது கடத்தும். கலவை விகிதத்தை மாற்றினால் மின்தடை மாறும்.

தெரிவின் உயிர்நாடியே அந்த மின்தடைதான். முதலில் உங்கள் இயந்திரத்தின் டிரான்ஸ்போமரைப் பாருங்கள். தடை கூடிய படகென்றால் வோல்ட் அளவின் உச்சத்துக்குப் போயும் சூடு போதாது. குறைந்ததென்றால் கரண்ட் எல்லையில் முட்டி நிற்கும். இன்னொன்று: உருகிய அலுமினியமும் மின்னைக் கடத்துவதால், படகு நனைந்ததும் மொத்தத் தடை இறங்கிவிடும். பிறகு படகு தேயத் தேய ஏறும். இந்த இரண்டுக்கும் இடம்விட்டே தெரிய வேண்டும். ஒரே வரிசையில் வேறுவேறு தடையுள்ள படகுகளைக் கலந்தால் பிலிமில் கோடுகோடாகத் தடிப்பு மாறும்.

நீள அகலத்தை இயந்திரத்தின் பிடிகளே தீர்மானித்துவிடும். முனை பிடியில் சீராக அமராவிட்டால் அந்த இடம் மட்டும் காய்ந்து வெடிக்கும். நம்மூர் ஈரப்பதத்தில் படகை ஈரம்படாமல் மூடி வைப்பதும் முக்கியம்.

கொள்வனவுப் பிரிவினர் ஒரு படகின் விலையைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது, ஒரு படகு தேயுமுன் எத்தனை கிலோ அலுமினியத்தை ஆவியாக்கியது, அதில் எத்தனை மீற்றர் பிலிம் தேறியது என்பதை. மலிவான படகில் அலுமினியம் சீராகப் பரவாமல் துளித்துளியாகத் தெறித்தால், பிலிமில் ஊசித்துளைகள் விழும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நட்சத்திரம்போல் தெரியும். ஈரமும் ஒட்சிசனும் அவ்வழியே உள்ளே போகும், தேயிலையின் வாசனை வெளியே போகும்.