இன்சுலின் ஊசியைக் குப்பையில் போடலாமா?

நீங்களோ உங்கள் பராமரிப்பில் உள்ளவரோ வீட்டிலேயே இன்சுலின் செலுத்திக்கொள்பவராயின், பயன்படுத்திய ஊசியைக் கழிக்கும் முறையில் கவனம் தேவை. வாலாஜாபாத் பேரூராட்சியாயினும் சிற்றூராயினும், அது அடுத்துச் சேருவது குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில். குத்திய ஊசியில் தொற்றுள்ள இரத்தம் இருப்பின் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரவக்கூடும். உங்களுக்குத் தொற்று இல்லாதிருக்கலாம். குத்துப்பட்டவருக்கு அது தெரியாது. பரிசோதனை முடிவு வரும்வரை அவர் அஞ்சியே இருப்பார்.

பயன்படுத்திய ஊசிகளை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் அவற்றைச் சேர்க்கலாகாது.

சிரிஞ்சாயின், ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல் அப்படியே திருகுமூடியுள்ள தடித்த நெகிழிப் புட்டியில் இடுங்கள். காலியான பினாயில் புட்டியே போதும். தண்ணீர் பாட்டில் வேண்டாம்; ஊசி அதனைத் துளைத்துவிடும். புட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, ‘ஊசிகள்’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியே கொடுங்கள். எங்கு ஒப்படைப்பது என்பதை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமும் கேட்கலாம்.

எரிக்க வேண்டாம், நெகிழி நச்சுப்புகையாகும், ஊசி அப்படியே எஞ்சும். பாலாற்று மணலில் புதைப்பதும் கூடாது. அங்கு வெறுங்காலுடன் நடப்பவர்களில் குழந்தைகளும் உண்டு.