ஓட்டையும் ஒரு திருட்டு வழிதான்

2018 அக்டோபர், ஷாங்காய். ஆசிய அளவிலான 'கவுன்டர் ஸ்டிரைக்' கணினி விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்ட நடுவர்கள் ஒரு வீரரின் கணினியைச் சோதிக்க வந்தார்கள். அவரோ அவசர அவசரமாக ஒரு கோப்பை அழிக்கப் பார்த்தார். அதன் பெயர் 'வேர்டு.இஎக்ஸ்இ'. பெயரைப் பார்த்தால் கடிதம் அடிக்கும் மென்பொருள். உண்மையில், துப்பாக்கிக் குறியை எதிராளி மீது கொண்டுபோய் நிறுத்த உதவும் ஏமாற்று நிரல்.

அணி முழுவதும் வெளியேற்றப்பட்டது. ஒருவர் செய்த தப்புக்கு, கூட ஆடிய நால்வரின் உழைப்பும் மண்ணோடு மண்ணானது.

இது வெளியிலிருந்து கொண்டுவந்த களவு. விளையாட்டுக்குள்ளேயே ஓட்டை இருந்தால்?

2020இல் அதே விளையாட்டில் அப்படி ஒன்று அம்பலமானது. பயிற்சியாளர் தன் அணி வீரர்கள் பார்ப்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ஆனால் ஒரு நிரல் கோளாறால், அவருடைய கேமரா வரைபடத்தின் ஏதோ ஒரு மூலையில் அசையாமல் நின்றுவிடும். அந்த வழியாக எதிரணி வந்தால், அவர் கண்ணில் படும்.

இணைய விளையாட்டு நேர்மை ஆணையம் பழைய ஆட்டப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் அலசியது. அந்தச் செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. அதிகபட்சம் 36 மாதங்கள். தானாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது.

கோளாறு அவர்கள் உண்டாக்கியதல்ல. ஆனால் கேமரா சிக்கியதும் நடுவரிடம் சொல்லியிருக்கலாம், அல்லது இணைப்பைத் துண்டித்து மீண்டும் நுழைந்திருக்கலாம். வாய்மூடி இருந்ததுதான் குற்றமானது.